இருபத்தாறு வயதில் நீர் நூலாகப் போனால்

தம்பி, நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கமாக வைத்துவிடுகிறேன், மற்றவர்கள் படித்தாலும் புரியும். வயது 26, ஊர் சுரண்டைப் பக்கம், வேலை திருநெல்வேலி டவுனில் ஒரு ஜவுளிக்கடையில். நாலு வருடமாகச் சிறுநீர் மெலிசாக, நூல் மாதிரி போகிறது, ஆரம்பிக்கவே நேரம் ஆகிறது, முடித்துவிட்டு வந்தால் இன்னும் மிச்சம் இருப்பதுபோல் இருக்கிறது, மணிக்கொரு தரம் போக வேண்டியிருக்கிறது. ஸ்கேன் 'நார்மல்'. சர்க்கரை இல்லை. நீர் சோதனையில் சீழ் அணு ஆறோ எட்டோ இருந்தது என்று மூன்று தடவை ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டாயிற்று. வீட்டில் உடம்புச் சூடு என்கிறார்கள், ஒரு நண்பர் 'ப்ராஸ்டேட்டாத்தான் இருக்கும்' என்று கிளப்பிவிட, மாமா சாப்பிடுகிற ப்ராஸ்டேட் மாத்திரையைப் பத்து நாள் வாங்கிப் போட்டும் பார்த்திருக்கிறீர்கள். வீட்டில் பெண் பார்க்கிறார்கள், கல்யாணத்துக்கு இது இடைஞ்சலாகுமா என்று கேட்கிறீர்கள். கடைசியில் ஏதோ ஞாபகம் வந்ததுபோல, 'ஏழாவது படிக்கும்போது சைக்கிள் பாரில் விழுந்து கவட்டையில் அடிபட்டது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்காது' என்று ஒரு வரி.

எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் கடைசி வரிதான். பாளையங்கோட்டையில் இருபது வருடத்துக்கு மேல் யூராலஜியில் வேலை பார்த்துவிட்டேன். எழுந்து போகிறவர் கதவைப் பிடித்துக்கொண்டு 'அப்புறம் டாக்டர், இன்னொண்ணு' என்று சொல்வார் பாருங்கள், பல நாள் அதில்தான் நோயே இருக்கும். நேரில் பார்க்காமல் இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எதைத் தேட வேண்டும், எதை முதலில் தேட வேண்டும் என்று சொல்ல முடியும். இதே கதையோடு வேறு சில நோய்களும் வரும், அவற்றையும் சொல்கிறேன்.

ப்ராஸ்டேட்டை முதலில் ஒதுக்கிவிடலாம். அது வயது ஏற ஏறப் பெருக்கிற சுரப்பி, நாற்பதுக்குக் கீழே பெருத்து நீரை அடைப்பது அபூர்வம். பி.எஸ்.ஏ. என்று ஒரு ரத்தச் சோதனை உண்டு, ஆசைப்பட்டு அதைப் போய் எடுக்காதீர்கள். லேசாகத் தொற்று இருந்தாலே அது ஏறிக் காட்டும், அப்புறம் புற்றுநோயோ என்று வீடே தூங்காது. மாமாவின் மாத்திரையையும் நிறுத்திவிடுங்கள். அந்த வகை மாத்திரை திடீரென்று எழுந்தால் தலையைச் சுற்ற வைக்கும், சிலருக்கு விந்து வெளியே வராமலும் செய்யும். அந்தப் பத்து நாளில் அப்படி எதையாவது பார்த்துப் பயந்திருந்தால் அது மாத்திரையின் வேலை, நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும்.

நம்ம பக்கத்து ஆட்களுக்கு இந்த விஷயத்தை விளக்குவது சுலபம். குளம், மடை, வாய்க்கால், மடையைத் திறந்து அடைக்கிற நீர்ப்பாய்ச்சி. சிறுநீர்ப்பைதான் குளம், பையின் கழுத்து மடை, அங்கிருந்து வெளியே வரும் குழாய் வாய்க்கால், மூளையும் தண்டுவடமும் நரம்பும் சேர்ந்து நீர்ப்பாய்ச்சி. வயிற்றில் எடுக்கிற ஸ்கேன் குளத்தங்கரையில் நின்று பார்க்கிறது: கரை தடித்திருக்கிறதா, உள்ளே கல் கிடக்கிறதா, எவ்வளவு தண்ணீர் நிற்கிறது. வாய்க்காலில் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று அது பார்ப்பதே கிடையாது. அதனால் ஸ்கேன் நார்மல், ஆனால் நீர் சரியாகப் போகவில்லை என்றால் அதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. இது புரியாமல்தான் எத்தனையோ பையன்களை 'உனக்கு ஒண்ணும் இல்லை, எல்லாம் மனசுதான்' என்று அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு ரொம்பக் கோபம் வருகிற இடம் இது.

இப்போது அந்த சைக்கிள் பாருக்கு வருகிறேன். கவட்டையில் விழும் அடி நேராகப் போய் எங்கே இறங்குகிறது என்றால், விதைப்பைக்குப் பின்னால், ஆசனவாய்க்கு முன்னால், நீர்க்குழாய் வளைந்து போகிற இடத்தில். மேலே எலும்பு, கீழே இரும்புப் பார், நடுவில் குழாய் நசுங்குகிறது. அன்றைக்கு இரண்டு சொட்டு ரத்தம் வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம், பயந்துகொண்டு வீட்டில் சொல்லாமலும் இருந்திருப்பீர்கள். உள்ளே காயம் ஆறும்போது தழும்பு விழும், அந்தத் தழும்பு கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக் குழாயைச் சுருக்கும். சில பேருக்கு மாதக் கணக்கில், சில பேருக்குப் பத்துப் பதினைந்து வருடம் கழித்து. நீர் மெலிவது அவ்வளவு மெதுவாக நடப்பதால் எல்லாருக்கும் இப்படித்தான் போகும்போல என்று பழகிப்போகிறது. இதற்குப் பெயர் ஸ்ட்ரிக்சர், குழாய்ச் சுருக்கம்.

சைக்கிள் மட்டும் இல்லை. ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் பனை ஏறித் தவறியவர்கள், மூடியில்லாத சாக்கடையில் ஒரு கால் உள்ளே போய்க் கவட்டை கல்லில் இடித்தவர்கள், கிணற்றுச் சுவரில் ஓடி வந்து குதித்தபோது கால் வழுக்கியவர்கள் என்று காரணம் விதவிதமாக இருக்கும். விபத்திலோ அறுவை சிகிச்சையிலோ நீர் போக ட்யூப் போட்டு எடுத்த பிறகு வருவதும் நிறைய. கொனோரியா மாதிரியான பால்வினைத் தொற்று வந்து, மருந்துக்கடையில் ஏதோ வாங்கிப் போட்டு அமுக்கிவிட்டு, பல வருடம் கழித்து இப்படி வந்து நிற்பவர்களும் உண்டு, அதைச் சொல்ல வாய் வராது, நாங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். குழந்தையில் நீர்த்துவாரம் நுனியில் இல்லாமல் கீழே இருந்து அறுவை செய்துகொண்டவர்களுக்கு அந்தத் தையல் இடத்தில் வரலாம், ஆபரேஷன் ஆனது பையனுக்கே தெரியாமல் அம்மா மட்டும் ஞாபகம் வைத்திருப்பார். இன்னொன்று, முன்தோலும் மொட்டும் வெளுத்து, தாள் மாதிரி ஆகி, தோல் பின்னால் போகாமல் இறுகும் ஒரு தோல் நோய், லைக்கன் ஸ்க்லிரோசஸ். அது துவாரத்தில் ஆரம்பித்து உள்ளே குழாய் நெடுகப் போகும். சர்க்கரைப் புண் என்று களிம்பு தடவிக்கொண்டே காலத்தைக் கடத்திவிடுவார்கள்.

இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. யூரோஃப்ளோ என்று ஒரு சோதனை, புனல் மாதிரி ஒன்றில் நீங்கள் நீர் விட வேண்டியதுதான், ஊசியும் கிடையாது ஒன்றும் கிடையாது. விநாடிக்கு எத்தனை மில்லி போகிறது என்று மெஷின் கோடு போடும். பதினைந்துக்கு மேல் இருந்தால் பொதுவாகச் சரி, உங்கள் வயதில் இருபதைத் தாண்ட வேண்டும், பத்துக்குக் கீழே போனால் எங்கேயோ தடை இருக்கிறது அல்லது பைக்கு அழுத்த வலு இல்லை. எண்ணை விட அந்தக் கோட்டின் உருவம் பேசும். நல்ல நீரோட்டம் மணி கவிழ்த்த மாதிரி ஏறி இறங்கும். ஸ்ட்ரிக்சர் என்றால் மொட்டை மாடி மாதிரி தட்டையாக, நீளமாக, முக்கினாலும் ஏறாமல் ஒரே மட்டத்தில் ஓடும். வாய்க்கால் அகலம்தானே அளவு, குளத்தில் எவ்வளவு தண்ணீர் இருந்தால் என்ன. ஒரு விஷயம், 150 மில்லிக்குக் குறைவாகப் போனால் அந்தச் சோதனையை நம்பக் கூடாது, திரும்ப எடுக்கச் சொல்ல வேண்டும்.

அதில் சந்தேகம் வந்தால் அடுத்தது ஆர்.ஜி.யூ., துவாரம் வழியாகச் சாய மருந்தை ஏற்றி எக்ஸ்ரே எடுப்பது. கொஞ்சம் எரியும், கொஞ்சம் கூச்சமாக இருக்கும், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். சுருக்கம் எங்கே, எத்தனை சென்டிமீட்டர் என்று படத்தில் தெரியும். ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டருக்குள் சின்னதாக, வளைவுப் பகுதியில், முதல் தடவை என்றால் உள்ளே கேமரா விட்டுக் கீறிவிடுவார்கள். திரும்ப வர நிறைய வாய்ப்பு உண்டு. அப்படித் திரும்ப வந்தால் மறுபடி மறுபடி கீறிக்கொண்டே இருக்காதீர்கள், இது என் கெஞ்சல். ஒவ்வொரு கீறலும் புதுத் தழும்பு. ஆறு தடவை, ஏழு தடவை கீறிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஒரு சென்டிமீட்டர் சுருக்கம் ஐந்து ஆகியிருக்கும். நிரந்தர வழி யூரித்ரோபிளாஸ்டி, சுருங்கிய இடத்தை வெட்டி இணைப்பது அல்லது கன்னத்தின் உட்பக்கத் தோலை எடுத்து ஒட்டு வைத்து அகலப்படுத்துவது. வாய்க்குள் இருக்கிற தோல் எப்போதும் ஈரத்தில் இருந்து பழகியது, அதனால் நீர்க்குழாயில் சந்தோஷமாகப் பிடித்துக்கொள்ளும். நல்ல கையில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேருக்கு மேல் சரியாகிறது. இந்த அறுவையில் புனேயைச் சேர்ந்த சஞ்சய் குல்கர்ணியின் முறையை வெளிநாட்டிலேயே அவர் பெயரால் சொல்கிறார்கள், ஆகவே இதற்கு விமானம் ஏற வேண்டியதில்லை.

சரி, ஆர்.ஜி.யூ.வில் வாய்க்கால் சுத்தமாக இருந்தால்? அப்போது மடையைப் பார்க்க வேண்டும். பையின் கழுத்து, நீர் விடும்போது விரிந்து திறக்க வேண்டியது, சிலருக்குப் பிறவியிலிருந்தோ எப்படியோ திறக்காமல் இறுகியே நிற்கும். 1933-ல் ழார்ழ் மரியோன் என்ற பிரெஞ்சு அறுவை நிபுணர் எழுதி வைத்ததால் அவர் பெயரிலும் இதைச் சொல்வார்கள். இருபது முதல் நாற்பத்தைந்து வயது ஆண்களில், இத்தனை வருடம் ப்ராஸ்டேட் தொற்று என்றும் மனக்கவலை என்றும் மருந்து சாப்பிட்டவர்களில் ஒரு பங்குக்கு உண்மையில் இருப்பது இதுதான். ஸ்கேனில் தெரியாது, கேமரா விட்டுப் பார்த்தாலும் சில நேரம் தெரியாது. பைக்குள் மெல்லிய குழாய் வைத்து அழுத்தத்தையும் வேகத்தையும் ஒன்றாக அளந்து, கூடவே எக்ஸ்ரேயும் பார்க்கிற வீடியோ யூரோடைனமிக்ஸ் சோதனையில்தான் பிடிபடும்: உள்ளே அழுத்தம் உச்சத்தில், வெளியே ஓட்டம் சொட்டில், கழுத்து மூடியபடி. மாமாவின் மாத்திரை இருக்கிறதே, அதே வகை மாத்திரை இவர்களுக்கு வேலை செய்யும், வேடிக்கைதான். மாத்திரை போதாவிட்டால் கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் சின்னக் கீறல். இரண்டு பக்கமும் கீறினால் விந்து பின்னால் பைக்குள் போய்விடும் அபாயம் கூடும், ஆகவே இனிமேல் குழந்தை பெற வேண்டியவர்கள் கையெழுத்துப் போடும் முன் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

மடையும் நன்றாக இருக்கிறது, வாய்க்காலும் நன்றாக இருக்கிறது, ஆனால் கீழே இருக்கிற இடுப்புத்தளத் தசை நீர் விடும் நேரத்தில் தளராமல் இறுக்கிப் பிடித்துக்கொள்கிற கூட்டமும் உண்டு. இது உங்களை மாதிரி ஜவுளிக்கடைக்காரர்கள், பஸ் கண்டக்டர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், காற்றாலையில் உச்சிக்கு ஏறினால் மத்தியானம் வரை இறங்காதவர்கள் இவர்களிடம் நிறைய. காலை பத்து மணிக்குக் கடைக்குள் போனால் கவுண்டரை விட்டு நகர முடியாது, கழிப்பறை நாலாவது மாடியில், மேனேஜர் கண் எப்போதும் மேலே. அடக்கி அடக்கித் தசைக்கு விடுவதே மறந்துபோகிறது. யாராவது பக்கத்தில் நின்றால் நீர் வராமல் போகிற கூச்சமும் இதன் பங்காளிதான். 1954-லேயே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள், பாருரீசிஸ் என்று, ஆக உங்களுக்கு மட்டும் வந்த விசித்திரம் என்று நினைக்காதீர்கள். வீட்டில் தனியாக இருக்கும்போது நன்றாகப் போகிறது, பஸ் ஸ்டாண்டில் மட்டும் வரவில்லை என்றால் அது இந்த வகை. வீட்டிலும் நூல்தான் என்றால் கூச்சத்தின் மேல் பழி போடாமல் குழாயைப் பாருங்கள். தசை இறுக்கத்துக்கு மருந்தை விட, தெரிந்த பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுக்கிற தளர்த்தும் பயிற்சிதான் வழி. மலச்சிக்கல் இருந்தால் அதையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும்.

நீர்ப்பாய்ச்சிக்கு உடம்பு சரியில்லாமல் போவது அடுத்தது. இதில் ஒன்றை மட்டும் எல்லாரும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். முதுகுவலி இருந்து, மூட்டை தூக்கிய பிறகோ விழுந்த பிறகோ திடீரென்று நீர் கட்டிக்கொண்டது, கூடவே உட்காரும் இடம், தொடையின் உட்பக்கம், ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போனது, கால் தளர்கிறது என்றால் அது தண்டுவடத்தின் வால் நரம்புகள் நசுங்குவது. மாலை வரை, மறுநாள் வரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, ஒரு நாளைக் கடத்தினால்கூட நரம்பு திரும்பாமல் போகலாம். மற்றபடி, பத்து வயது வரை படுக்கையில் நீர் போனவர், இடுப்புக்குக் கீழே முதுகுத்தண்டில் முடிக்கற்றையோ குழியோ உள்ளவர், காலில் ஒன்று மெலிந்தவர் என்றால் பிறவியிலேயே தண்டுவடம் கீழே கட்டுண்டு இருக்கலாம், எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரியும். படுக்கையில் நனைத்த கதை இன்னொன்றையும் ஞாபகப்படுத்தும்: ஆண் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே குழாயில் இருக்கிற வால்வு மாதிரியான சவ்வு. கடுமையாக இருந்தால் பிறந்ததுமே தெரிந்துவிடும், லேசாக இருந்தால் இருபது வயது வரை ஒளிந்திருந்து, ஒரு நாள் சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறிய பிறகு வெளிச்சத்துக்கு வரும்.

அடிக்கடி போகிறது ஆனால் வேகத்தில் குறை இல்லை என்பவர்களின் கதையே வேறு. நீங்கள் அந்தக் கூட்டம் இல்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியாத ஒரு நோய் இதில் இருக்கிறது, காசநோய். நுரையீரலில் மட்டும் வருவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், அது சிறுநீரகத்தில் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்து, கீழே இறங்கிப் பையைத் தின்று, முந்நூறு நானூறு மில்லி பிடிக்க வேண்டிய குளத்தைக் கைப்பிடி அளவு குட்டையாக்கிவிடும். இரவு பத்துத் தடவை எழுவார்கள். நீரில் சீழ் அணு இருக்கும், கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் வைத்தால் ஒன்றும் வளராது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் எந்த வயதானாலும் காசநோயைத் தேடியே ஆக வேண்டும், விடியற்காலை முதல் நீரை மூன்று நாள் தொடர்ந்து கொடுத்துப் பார்க்க வேண்டும், காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடுகிற சிபிநாட் சோதனையும் உண்டு. இங்கேதான் நீங்கள் சாப்பிட்ட அந்த மூன்று தடவை ஆன்டிபயாட்டிக் பற்றி ஒரு வார்த்தை. நீர்க்கடுப்புக்கு என்று கடையில் கொடுக்கிற சிப்ரோ, லீவோ வகை மாத்திரைகள் காசநோய்க் கிருமியையும் அரைகுறையாக அடக்கும். கொஞ்ச நாள் சுகம், திரும்பத் தொல்லை, திரும்ப மாத்திரை, அதற்குள் ஒரு சிறுநீரகம் போயிருக்கும். கல்ச்சர் எடுக்காமல் இரண்டாவது தடவை ஆன்டிபயாட்டிக் எழுதினால் 'ஏன்' என்று கேளுங்கள். காசநோய் மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம், சாதாரணமாக ஆறு மாதம். மருந்து ஆரம்பித்ததும் நீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அது மாத்திரையின் நிறம், ரத்தம் இல்லை.

குளம் சுருங்குவதற்கு இன்னொரு காரணம் கெட்டமைன், போதைக்கு எடுத்துக்கொள்கிற பொருள். அது பையைப் புண்ணாக்குகிறது என்பதே 2007-ல்தான் மருத்துவ ஏடுகளில் வந்தது. நம்ம பக்கம் அவ்வளவு இல்லை, வெளியூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்த்துவிட்டு வருகிற பையன்களிடம் மெதுவாகக் கேட்டுவைப்பேன். ஏமன், சூடான், தான்சானியா பக்கம் வேலைக்குப் போய் ஆற்றிலும் குளத்திலும் குளித்தவர்களுக்கு நீரின் கடைசியில் ரத்தம் வந்தால் அங்கே உள்ள ஒரு புழு நோயையும் நினைக்க வேண்டும்.

கல்லடைப்பு தெரிந்த கதை என்றாலும் ஒரு இடத்தில் ஏமாற்றும். கல் கீழே இறங்கிப் பையின் வாசலில் வந்து நின்றுவிட்டால் இடுப்புவலி குறைந்து, நிமிடத்துக்கு நிமிடம் முட்டும், நுனியில் வலிக்கும், அச்சு அசல் தொற்று மாதிரி. இந்த வெயிலில், அதுவும் தண்ணீர் குடிக்க நேரமில்லாத வேலையில், கல் வராமல் இருந்தால்தான் அதிசயம். ஐந்து மில்லிமீட்டருக்குள் என்றால் பெரும்பாலும் தானே வந்துவிடும். வாழைத்தண்டுச் சாறு குடிக்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள், களக்காட்டுப் பக்கத்து நோயாளிகள் தண்டையே கொண்டுவந்து மேஜையில் வைத்துவிடுவார்கள், குடியுங்கள், தண்ணீர் உள்ளே போகிறதே. ஆனால் காய்ச்சலும் குளிரும் சேர்ந்தால் சாற்றை வைத்துவிட்டு ஓடி வர வேண்டும், அடைத்த சிறுநீரகத்தில் சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. அப்புறம், இடுப்புக் குழிக்குள் தொங்குகிற குடல்வால் வீங்கினால்கூடப் பையை உரசி நீர்க்கடுப்பு மாதிரி காட்டும். வலி வலது பக்கம் இறங்கி, வாந்தியும் வந்தால் அதை மறக்கக் கூடாது.

கல்லுக்குப் பயந்து வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்துவிட்டு நாளுக்கு ஆறு லிட்டர் குடித்துவிட்டு, 'டாக்டர், இருபது தடவை போகிறது' என்று வருகிறவர்களும் இருக்கிறார்கள். குளத்துக்கு வருகிற கால்வாயைத் திறந்துவிட்டுவிட்டுக் குளம் நிறைகிறது என்று புகார். மூன்று நாள் நோட்டுப் போட்டாலே தெரிந்துவிடும்: ஒரு நாளைக்கு மொத்தம் மூன்று லிட்டருக்கு மேல், ஒவ்வொரு தடவையும் நிறையப் போகிறது என்றால் கோளாறு பையில் இல்லை. குடிப்பதைக் குறைத்தும் குறையாமல், இரவு எழுந்து எழுந்து தண்ணீர் தேடினால் சர்க்கரையைப் பார்க்க வேண்டும், சர்க்கரை இல்லாவிட்டால், சர்க்கரைக்குச் சம்பந்தமில்லாமல் நீர் அதிகமாகப் போகிற டயாபடிஸ் இன்சிபிடஸ், ரத்தத்தில் கால்சியம் கூடுவது, மனநலத்துக்குச் சாப்பிடும் லித்தியம் என்று தேடல் வேறு பக்கம் போகும். மாத்திரை என்றதும் ஒன்று, சளிக்குப் போடுகிற சாதாரண மாத்திரையே மடையை இறுக்கும், பையைச் சோம்பலாக்கும். ஏற்கெனவே லேசாகச் சுருக்கம் உள்ளவர் சளி மாத்திரை போட்டுவிட்டு ராத்திரி நீர் கட்டிக்கொண்டு வருவது அவசரப் பிரிவில் பழக்கமான காட்சி.

கவட்டையில், விதையில், அடிவயிற்றில் மாதக்கணக்கில் மந்தமான வலி, விந்து வரும்போது வலி, கூடவே அடிக்கடி நீர் என்றால் நாள்பட்ட இடுப்புக்குழி வலி என்ற ஒன்று உண்டு. ப்ராஸ்டடைட்டிஸ் என்று சீட்டில் எழுதுவார்கள், அந்தப் பெயரோடு வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் கிருமியே கிடையாது, ஆனால் எல்லாருக்கும் ஆன்டிபயாட்டிக் மட்டும் தவறாமல் போகிறது. நிஜமாகவே சீழ்க்கட்டி பிடிக்கிற வகையும் இருக்கிறது, அதில் ஒன்று மண்ணிலிருந்து வருவது, மீலியாய்டோசிஸ். பிசான நெல் சாகுபடிக்கு வயலில் இறங்கிச் சேற்றில் நிற்கிறவர், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை, மழைக்காலத்தில் விடாத காய்ச்சல், நீர் கட்டுகிறது என்று வந்தால் நான் கல்ச்சர் லேபுக்கு போன் போட்டு இந்தக் கிருமியை மனதில் வைத்துப் பாருங்கள் என்று சொல்வேன், சொல்லாவிட்டால் ஏதோ கலப்படக் கிருமி என்று தள்ளிவிட வாய்ப்பு உண்டு. மருந்து மாதக்கணக்கில் எடுக்க வேண்டும்.

வலியே இல்லாமல் நீர் சிவப்பாகப் போனால், ஒரே ஒரு தடவை என்றாலும், பீடி சிகரெட் பழக்கம் இருந்தால் இன்னும் கண்டிப்பாக, பைக்குள் கேமரா விட்டுப் பார்த்துவிட வேண்டும். இளம் வயதில் புற்று அபூர்வம், ஆனால் இல்லவே இல்லை என்று இல்லை. நீரோடு காற்று குமிழியாக வந்தால் குடலுக்கும் பைக்கும் இடையே ஓட்டை இருக்கலாம். இதற்கு மாறாக, போய்விட்டு வந்த பிறகு உள்ளாடையில் நாலு சொட்டு விழுவது நோயே இல்லை, வளைவில் தங்கிய நீர்தான். விதைப்பைக்குப் பின்னால் விரலை வைத்து முன்னோக்கி நீவிவிட்டால் வந்துவிடும். இதற்கு ஸ்கேன் எடுத்தவர்கள் எத்தனையோ பேர்.

உங்கள் விஷயத்துக்குத் திரும்புகிறேன். நாலு வருடமாக மெலிந்துகொண்டே வரும் நீர், தொடங்கத் தாமதம், மிச்சம் இருக்கும் உணர்வு, ப்ராஸ்டேட் மாத்திரையில் ஒரு மாற்றமும் இல்லை, சின்ன வயதில் கவட்டையில் அடி. நான் என்றால் ஸ்ட்ரிக்சரை முதலில் தேடுவேன், இரண்டாவது மடைக்கழுத்து. அந்த ஆறு எட்டு சீழ் அணு, தேங்கி நிற்கிற நீருக்கு வந்த விருந்தாளியாக இருக்கலாம். கல்ச்சர் ஒன்று கண்டிப்பாக எடுத்துவிடுங்கள், அதிலும் ஒன்றும் வளராமல் சீழ் அணு மட்டும் நின்றால் மேலே சொன்ன மூன்று நாள் காலை நீர். கிரியாட்டினினும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கல்யாணக் கேள்விக்கு நேரான பதில்: சுருக்கம் என்றாலும் கழுத்து இறுக்கம் என்றாலும் ஆண்மைக்கும் இதற்கும் பெரும்பாலும் சம்பந்தம் இல்லை. சுருக்கம் உள்ளவர்களுக்கு விந்து பீய்ச்சாமல் வழிந்து வரலாம், சரிசெய்தால் தேறும். நாள் குறிக்கும் முன் சோதனைகளை முடித்துவிடுங்கள், அறுவை தேவைப்பட்டால் ஒட்டு ஆற இரண்டு மூன்று மாதம் விடுங்கள். பெண் வீட்டாரிடம் சொல்வதா என்று கேட்டால், பெண்ணிடம் சொல்லுங்கள் என்பேன், அது என் சொந்த அபிப்பிராயம்.

இப்போது செய்ய வேண்டியது. மூன்று நாள், அதில் ஒன்று லீவு நாளாக இருக்கட்டும், ஒரு பழைய அளவுக் கோப்பையில் ஒவ்வொரு தடவையும் எத்தனை மில்லி, எத்தனை மணி, என்ன குடித்தீர்கள், டீ எத்தனை என்று எழுதுங்கள். கடையில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, அங்கே நேரத்தை மட்டும் குறித்தால் போதும். அப்புறம் பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியின் யூராலஜி ஓ.பி.யிலோ உங்களுக்குத் தோதான வேறு யூராலஜிஸ்டிடமோ போய், முதல் வாக்கியமாகவே அந்த சைக்கிள் கதையைச் சொல்லி, யூரோஃப்ளோவும், போன பிறகு எவ்வளவு மிச்சம் என்கிற ஸ்கேனும் வேண்டும் என்று கேளுங்கள். ஸ்கேன் சென்டரில் ஒன்றரை லிட்டர் குடிக்க வைத்து, வெடிக்கும் வரை உட்கார வைத்து, பிறகு போகச் சொல்லி மிச்சம் பார்ப்பார்கள், அப்படிப் பார்த்தால் நல்ல பையே நூறு மில்லி மிச்சம் காட்டும், அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. சாதாரணமாக முட்டும்போது போய்விட்டு உடனே பார்க்க வேண்டும். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: டவுனில் பஸ் ஏறும் முன் அரை லிட்டர் குடித்துவிட்டு ஏறுங்கள், சீட்டுப் போட்டு, வரிசையில் நின்று, உங்கள் பெயரைக் கூப்பிடுவதற்கும் அதற்கும் சரியாக இருக்கும்.